அரை வரிக்காரிகள்

எங்கள் தெருக் கோயிலின் வரிநோட்டில் அம்மாவுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘மனைவி, விதவை’ என்று சேர்த்து, தொகைக் கட்டத்தில் பாதியைப் போட்டிருப்பார்கள். முழு வரி கட்டுகிறவர் தலைக்கட்டு. அரை வரி கட்டுகிறவள் தலைக்கட்டு இல்லை. திருவிழாவுக்கு வரி எவ்வளவு, மேளம் எங்கிருந்து, சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகும், கோயில் கூரைக்குத் தகரமா ஓடா என்று பேசுகிற கூட்டத்தில் தலைக்கட்டுகள் பாயில் உட்காருவார்கள். அம்மாவும் அவளைப் போன்றவர்களும் மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்று கேட்கலாம். பேசக் கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

அப்பா 1996-இல் இறந்தார். அப்போது எனக்கு 14 வயது, தம்பிக்கு ஒன்பது. அந்த ஆண்டுத் திருவிழாவுக்கே அம்மா அரை வரிக்காரி ஆகிவிட்டாள். தம்பி 2013-இல் கல்யாணம் முடித்தான்; அந்த ஆண்டே முழுத் தலைக்கட்டு. அவன் குடியிருப்பது திருப்பூரில். கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு பஸ் ஏறி வருவான், பாயில் உட்காருவான், கூரையைப் பற்றிக் கருத்துச் சொல்வான். அந்தக் கூரைக்குக் கீழே வாரம் தவறாமல் பெருக்கித் துடைக்கிற அம்மா கெபியோரம் நின்று அவன் பேசுவதைக் கேட்பாள். பெருமையாகத்தான் கேட்பாள், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அரசுப் பள்ளியில் ஆசிரியை, அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் பலரைவிட அதிகம் சம்பாதிக்கிறேன். எனக்கு வரியே கிடையாது. அம்மா அரை, நான் பூஜ்யம்.

இந்த வழக்கம் இயேசு சொல்லி வந்ததல்ல. ஊர்க் கோயில்களின் தலைக்கட்டு வரியை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து சிலுவைக்குக் கீழே வைத்துக்கொண்டோம். இதைப் படிக்கும் மாணவிகள் உங்கள் ஊரில், அது எந்தச் சாமியின் கோயிலாக இருந்தாலும், வரிநோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். உங்கள் பாட்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று பாருங்கள்.

தவக்காலம் வந்தால் எங்கள் பங்கில் பெண்களுக்குத் தியானம் வைப்பார்கள். தலைப்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான்: அன்றாட வாழ்வில் நற்செய்தி. முப்பது ஆண்டுகளாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றாட வாழ்வில் நற்செய்தி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டது இதுதான்: குடித்துவிட்டு வருகிற கணவனிடம் எதிர்த்துப் பேசாதே, மன்னித்துக்கொண்டே இரு. குடும்ப ஜெபத்தை விடாதே. பக்கத்து வீட்டுக்காரியின் கூலியோடு உன் கூலியை ஒப்பிட்டுப் பொறாமைப்படாதே. வருகிற துன்பத்தைச் சிலுவையாக ஏற்றுக்கொள். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சொல்வதென்றால் தாழ்ச்சி. எங்கள் கோயில் தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறெதற்கும் இல்லை. ஆண்களுக்கும் தாழ்ச்சி உண்டு. பெரிய வெள்ளியன்று குருக்கள் பீடத்தின் முன் முகங்குப்புற விழுகிறார்கள். விழுந்து, எழுந்துவிடுகிறார்கள்.

என் அம்மா எழவில்லை. அவளுக்கு முதுகு வளைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஏலத்தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தேயிலையை நின்று பறிக்கலாம். ஏலக்காயை முடியாது. செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், காயோ செடியின் அடியில், தரையையொட்டிப் படர்கிற சரத்தில் பிடிக்கும். தட்டைகளுக்குள் தலையை நுழைத்து, குனிந்தோ குத்தவைத்தோ, பிஞ்சும் பூவும் சிதையாமல் விளைந்த காயை மட்டும் விரலால் எடுக்க வேண்டும். ஒரு செடி முடிந்தால் அடுத்த செடி. காயெடுப்பு உச்சத்தில் இருக்கிற மாதங்கள் மழை மாதங்கள். முதுகில் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் பை, காலில் அட்டை. புகையிலையோ உப்போ சுண்ணாம்போ எதைத் தடவினாலும் அட்டை ஏறும். நேற்று மருந்தடித்த செடிக்குள் இன்று முகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். இப்படி எடுத்த பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். அது மலையிறங்கி போடிநாயக்கனூருக்கு வந்தால், தரம் பிரிப்பதும் பெண்கள்தான். கிடங்குத் தரையில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்து, நாள் முழுக்க. மேலே குனிவு, கீழேயும் குனிவு.

அம்மா விடிகாலை மூன்றரைக்கு எழுந்து சோறாக்கித் தூக்குச்சட்டியில் கட்டுவாள். ஐந்தரைக்கு ஜீப். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் விடை கிடையாது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருத்தி மடியில் ஒருத்தியாகக் கடந்து, கேரள எல்லைக்குள் இறங்கி, காட்டுக்குள் நடந்து, எட்டு மணிக்குக் குனிந்தால் சாயங்காலம் ஜீப் ஏறும்போதுதான் நிமிர வேண்டும். இடையில் ஒதுங்குவதற்கு மறைவு கிடையாது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ஆம் ஆண்டுச் சட்டம். ஏலத்தோட்டத்தையும் பிற்பாடு பேர் சொல்லிச் சேர்த்த சட்டம். குடிநீரும் கழிப்பிடமும் அதில் எழுதப்பட்டிருந்தன. அம்மா அந்தச் சட்டம் வந்த பிறகுதான் பிறந்தாள். வேலைக்குப் போன ஆண்டுகள் அத்தனையிலும் காலையில் தண்ணீர் குடிக்காமல் போவதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதுவரை யாரும் பார்த்திராத விலை. அந்த வாரமும் அம்மா பழைய கூலிக்குத்தான் குனிந்தாள். அதுதான் அவள் மலையேறிய கடைசி ஆண்டு.

அம்மாவுக்கு எழுத்தறிவு அறிவொளி இயக்கத்தில் கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு, தெருவிளக்கின் கீழ். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் வீட்டிலிருந்த ஒரே புத்தகத்தைப் படித்தாள். அது பைபிள். லூக்கா நற்செய்தியில் 13-ஆம் அதிகாரத்துக்கு அவள் வந்துசேர எத்தனை வருஷம் ஆனதோ தெரியாது. ஒரு நாள் என்னிடம் கேட்டாள். நான் அப்போது ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவள்.

“அந்தக் கூனி கதைய எந்த ஞாயித்துக்கெழம வாசிப்பாக? நான் கேட்டதே இல்லையே?”

கதை தெரியாதவர்களுக்காக என் வார்த்தையில் சொல்கிறேன். ஓய்வுநாள் ஒன்றில் இயேசு தொழுகைக்கூடத்தில் போதித்துக்கொண்டிருக்கிறார். 18 ஆண்டுகளாக நிமிரவே முடியாத ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவள் எதையும் கேட்கவில்லை. இயேசுதான் அவளைப் பார்க்கிறார், கூப்பிடுகிறார், அவள்மேல் கைவைக்கிறார். அவள் நிமிர்கிறாள். நிமிர்ந்து கடவுளைப் புகழ்கிறாள். உடனே தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம் வருகிறது. கோபம் இயேசுவின்மேல், ஆனால் திட்டுவது கூட்டத்தை. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாள்களில் வந்து குணமாகிக்கொள்ளுங்கள் என்கிறார். இயேசு திருப்பிக் கேட்கிறார்: உங்கள் மாட்டையும் கழுதையையும் ஓய்வுநாளில் கட்டவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, 18 ஆண்டுகளாகக் கட்டுண்டிருந்த ஆபிரகாமின் மகளை அவிழ்க்கக் கூடாதா என்று. ஆபிரகாமின் மகன் என்று ஆண்களை எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறது. ஒரு பெண்ணை மகள் என்று சொல்லி வாரிசுக் கணக்கில் சேர்த்தது அன்றைக்கு, எல்லோர் முன்னாலும்.

இந்தக் கதையை எந்த ஞாயிறு வாசிக்கிறார்கள்? நான் தேடினேன். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-இல் வகுத்த ஒழுங்கு. மூன்றாம் ஆண்டு லூக்காவின் ஆண்டு. அதே 13-ஆம் அதிகாரத்தில் முதல் ஒன்பது வசனங்கள் தவக்கால ஞாயிறு ஒன்றில் வருகின்றன. 22-ஆம் வசனத்திலிருந்து இன்னொரு ஞாயிறு வருகிறது. நடுவில் 10 முதல் 17 வரை இருக்கிற கூனிப் பெண் மட்டும் எந்த ஞாயிறும் வருவதில்லை. அவளுக்கு ஒதுக்கியிருப்பது பொதுக்காலம் 30-ஆம் வாரத்தின் திங்கட்கிழமை. அக்டோபர் கடைசியில் வரும். காயெடுப்புக் காலம். திங்கட்கிழமை காலைப் பூசை மணி அடிக்கும்போது எங்கள் தெருப் பெண்கள் கொண்டை ஊசி வளைவில் இருப்பார்கள்.

சந்தேகப்பட்டு மேலும் தேடினேன். உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்த்தவள் மகதலா மரியா. போய்ச் சீடர்களிடம் சொல் என்று அனுப்பப்பட்டவளும் அவள்தான். உயிர்ப்பு ஞாயிறு காலையில் யோவான் 20-ஆம் அதிகாரத்தை எடுப்பார்கள். கல்லறை வெறுமையாக இருப்பதைக் கண்டு அவள் ஓடுகிறாள், இரண்டு ஆண் சீடர்கள் ஓடிவந்து பார்க்கிறார்கள், ஒன்பதாம் வசனத்தோடு வாசகம் முடிந்துவிடும். அவள் அழுதுகொண்டு நிற்பதும், அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் செவ்வாய்க்கிழமைக்கு. பிறகு ஏழை விதவையின் காணிக்கை. மாற்கு 12. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவைக்கு ஞாயிறு உண்டு. உண்டியல் சம்பந்தப்பட்டதை விடுவார்களா? ஆனால் அந்த வாசகத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று, குறுகிய வடிவம் ஒன்று. அவளுக்குச் சற்று முன்னால்தான் இயேசு, நீண்ட அங்கியில் திரிந்து முதல் இருக்கை தேடுகிற மறைநூல் அறிஞர்களைப் பற்றி, விதவைகளின் வீட்டை விழுங்குகிறவர்கள் என்று சொல்லியிருப்பார். குறுகிய வடிவத்தில் அது இருக்காது. விழுங்கியவர்கள் போய்விடுவார்கள், விதவை மட்டும் காசு போட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றாடம் நற்செய்தியை வாழுங்கள் என்று எங்களுக்குச் சொல்கிறார்கள். எங்கள் அன்றாடத்தைப் பற்றிய நற்செய்தியை நாங்கள் இல்லாத நாளில் வாசிக்கிறார்கள். ரோமில் உட்கார்ந்து யாரோ வேண்டுமென்றே சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த மேசையைச் சுற்றி ஏலத்தோட்டக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தால், கூனியைத் திங்கட்கிழமைக்குத் தள்ள விட்டிருக்கமாட்டாள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்த கதைகளும் எங்களிடம் வந்துசேரும்போது திரும்பியிருக்கின்றன. திராட்சைத் தோட்டக் கூலியாள்கள் கதை மத்தேயு ஆண்டில் வரும். தோட்டக்காரர் விடிகாலையில் ஆள் எடுக்கிறார், பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக ஐந்து மணிக்கும் போய் ஆள் எடுக்கிறார். எல்லோருக்கும் ஒரே கூலி. நாள் முழுக்க உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த மறையுரை: பிறர் கூலியைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஆணைவிடக் குறைந்த கூலிக்கு மலையேறுகிற பெண்கள்! அம்மா அந்தக் கதையில் பார்த்தது வேறு. ஐந்து மணிக்கும் சந்தையில் நின்றுகொண்டிருக்கிறவர்களிடம், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்களே, அந்த இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். ஜீப் நிற்கிற இடத்தில் கடைசிவரை யார் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வயசாளி. பிள்ளைத்தாய்ச்சி. போன வாரம் கங்காணியை எதிர்த்துப் பேசியவள். “அவளுக்கும் ராத்திரி ஒல வைக்கணும்ல. அதான் முழுக் கூலி குடுத்திருக்காரு” என்பாள். எந்த மறையுரையிலும் இவ்வளவு சுருக்கமாக அதை நான் கேட்டதில்லை.

2015 செப்டம்பருக்கு வருகிறேன். கொச்சியிலிருந்து தனுஷ்கோடி போகிற நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. போடிமெட்டு, பூப்பாறை தாண்டினால் மூணாறு. அங்கே கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்ப் பெண்கள், அந்தச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போனஸ் 10 சதவீதம்தான் என்று நிறுவனம் அறிவித்தது. அவர்கள் 20 கேட்டார்கள். தினக்கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள். அவர்கள் நிறுவனத்தை மட்டும் எதிர்க்கவில்லை. இத்தனை ஆண்டு தங்கள் பெயரால் பேசி, தங்கள் சந்தாவில் வளர்ந்த தொழிற்சங்கத் தலைவர்களையும், எல்லாக் கொடிக்காரர்களையும், பக்கத்தில் வராதே என்று விரட்டினார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். லிசி சன்னி, கோமதி, இந்திராணி மணிகண்டன் என்ற பெயர்களை அதற்கு முன் கேரளம் கேட்டதில்லை. ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் ஒரு ஞாயிறு வந்தது, செப்டம்பர் 13. அந்த ஞாயிறுக்கான நற்செய்தி மாற்கு 8. தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்தொடர்வது பற்றியது. எங்கள் கோயிலில் அன்றைய மறையுரை, குடும்பத்தில் வரும் துன்பங்களைப் பொறுமையோடு சுமப்பது குறித்து இருந்தது. விசுவாசிகள் மன்றாட்டில் மழைக்காக வேண்டினோம், நாட்டுத் தலைவர்களுக்காக வேண்டினோம். அதே சாலையில், சில மணி நேரப் பயணத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்காக ஒரு மன்றாட்டும் இல்லை. அன்றிரவே அவர்கள் ஜெயித்தார்கள். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20. நிறுவனம் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. கூலி பிறகு இன்னொரு போராட்டத்தில் 301 ஆனது. கேட்ட 500 கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இயக்கம் பிளவுபட்டதும் உண்மை. ஆனால் நிமிர்ந்தவுடன் என்ன நடக்கும் என்று லூக்கா எழுதியது அப்படியே நடந்தது. கோரிக்கைக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் பெண்களின் நடத்தையைப் பேசினார்கள். 2017-இல் ஒரு மாநில அமைச்சரே அவர்களின் போராட்டத்தைக் கொச்சைப்படுத்திப் பேச, அவர்கள் மறுபடி சாலையில் உட்கார வேண்டிவந்தது.

அன்றைக்குச் சிலுவையைத் தூக்கியவர்கள் யார் என்று நான் அந்த மறையுரைக்காரரிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். இயேசுவின் சிலுவை குடிகாரக் கணவனோ முதுகுவலியோ அல்ல. அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் பிடிக்காததைச் செய்ததால் கிடைத்த தண்டனை அது. எதுவுமே செய்யாமல் குனிந்து கிடப்பதற்குச் சிலுவை என்று பெயர் வைத்தது யாருக்கு வசதி?

இனி என் சொந்தத் தெருவின் ஆண்களிடம் பேச வேண்டும். நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை எங்களைப் பட்டியல் சாதியில் எண்ணவில்லை. ஞானஸ்நானம் பெற்றதும் சாதி போய்விட்டது என்று அரசாங்கம் நம்புகிறது. திருச்சபைக்குள் எத்தனை கல்லறைத் தோட்டத்தில் இன்னும் தனித்தனிப் பக்கம் என்று அரசாங்கம் வந்து பார்க்கட்டும். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையத்தில், பங்கிலும் திருவிழாவிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு ஆண்டும் கறுப்புக்கொடி கட்டி இந்த எண்ணப்படாமையைப் பற்றிப் பேசுகிறோம். நானும் கொடி பிடித்திருக்கிறேன், இனியும் பிடிப்பேன். எண்ணப்படாமல் இருப்பது எப்படி உறுத்தும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், அண்ணன்மாரே. தெரிந்துகொண்டேதான் அந்த நோட்டை வைத்திருக்கிறீர்கள்.

மத்தேயுவும் அப்படித்தான் எழுதினார். ஐந்து அப்பம் பலுகிய நாளில் சாப்பிட்ட ஆண்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர், பெண்களும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் இல்லை. கணக்கு எழுதியவர் விட்டுவிட்டார். அப்பம் கொடுத்தவர் விடவில்லை. பந்தியில் எல்லோருக்கும்தான் கிடைத்தது. எங்கள் கோயில் அப்பம் கொடுத்தவரைக் கும்பிட்டுவிட்டு, கணக்கெழுதியவரைப் பின்பற்றுகிறது.

அரை வரி ஒரு சலுகை என்பார்கள். பாவம், விதவை, எப்படி முழுசாகக் கட்டுவாள், அதனால்தான் பெரியவர்கள் குறைத்தார்கள், இதைப் போய்க் குறை சொல்லலாமா? இந்த வாதத்தைச் சொல்கிறவர்களில் நல்லவர்களும் உண்டு, ஆகவே பதில் சொல்கிறேன். எங்கள் தெருவில் வேலைக்கே போகாத ஆண் மூன்று பேர் எனக்குத் தெரியும். அவர்கள் வரியை மனைவிமார்தான் கட்டுகிறார்கள், ஏலக்காய்க் கூலியிலிருந்து. அவர்களுக்கு ஏன் சலுகை இல்லை? ஏனென்றால் சலுகை கொடுத்தால் பாயிலிருந்து எழுந்திருக்க வேண்டும். அரை வரி என்பது வருமானத்தின் அளவு அல்ல, ஆளின் அளவு. ஏழைக்குக் குறையுங்கள், தாராளமாக. ஆணோ பெண்ணோ, ஏழைக்குக் குறைத்துவிட்டு, பாயில் இடம் கொடுங்கள்.

2016 ஜனவரியில் ரோமிலிருந்து ஓர் ஆணை வந்தது. பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுகிற பேரில் பெண்களையும் சேர்க்கலாம் என்று. எங்கள் பங்குக்கு அது வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. வந்தபோது பன்னிரண்டில் மூன்று நாற்காலி பெண்களுக்கு. மூவரும் உத்தியோகம் பார்ப்பவர்கள், நானும் ஒருத்தி. முந்தின நாள் குதிகாலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு போனேன். கழுவுவதற்காகவே கழுவப்பட்ட பாதம். அட்டை கடித்துத் தழும்பேறிய கால் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை. எனக்கு அன்று அது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா வெந்நீரில் கால் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பெண்ணியம் பேசும் தோழிகள் என்னிடம் கேட்பதுண்டு: இவ்வளவும் தெரிந்தும் ஏன் இன்னும் அங்கே போகிறாய்? நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் நான் பண்டித ரமாபாயைக் காட்டித் தப்பித்துக்கொள்வேன். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். பெற்ற கையோடு, தன் மனசாட்சியை எந்தச் சபைத் தலைமைக்கும் ஒப்படைக்க மாட்டேன் என்று தன்னை அழைத்துவந்தவர்களிடமே வாதாடியவர். கேட்காமல் கொடுத்த விளக்கத்தை நம்பாமல், எபிரேயமும் கிரேக்கமும் கற்று மராத்தியில் பைபிளைத் தானே மொழிபெயர்க்க உட்கார்ந்தவர். அவர் இருந்தார் என்பது ஆறுதல்தான். ஆனால் என் பதில் அவர் இல்லை. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அந்தப் புத்தகத்திலிருந்துதான் வந்திருக்கிறது. தெருவிளக்கின் கீழ் எழுத்துக் கூட்டி என் அம்மா அதில் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டாள். அதை அந்தப் பாயில் உட்கார்ந்திருப்பவர்களிடம் விட்டுவிட்டு நான் எங்கே போவது?

ஆகவே சென்ற ஆண்டு அக்டோபரில், 30-ஆம் வாரத் திங்கட்கிழமை, காலை ஐந்தேகால் மணிக்கு, ஜீப் வருவதற்கு முன்பு, கெபிக்கு முன்னால் அந்த எட்டு வசனங்களை வாசித்தோம். பூசையில் நற்செய்தி வாசிக்கப் பெண்ணுக்கு அனுமதி இல்லை; தெருவில் வாசிக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. அம்மா வாசித்தாள், செல்போன் வெளிச்சத்தில், எழுத்துக் கூட்டி. 18 என்ற இடத்தில் நிறுத்தி, “எனக்கு இருபத்தொண்ணு” என்றாள். சிரித்தார்கள். ஜீப் வந்து ஹாரன் அடித்தது. கடைசி இரண்டு வசனத்தை ஏறிக்கொண்டே கேட்டார்கள். பிறகு மற்றத் திங்கட்கிழமைகளிலும் அது தொடர்ந்தது. வாசித்துவிட்டு ஜெபிக்கிறார்களோ இல்லையோ, அந்த வாரக் கூலி, ஜீப் கூட்டம், யாரைக் கங்காணி நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. இரண்டு திங்கட்கிழமைப் பேச்சுக்குப் பிறகு, ஒரு ஜீப்பில் இத்தனை பேருக்கு மேல் ஏறமாட்டோம் என்று சொல்லி, ஒரு நாள் கூலியை இழந்து, அடுத்த நாள் இன்னொரு வண்டி வரவைத்தார்கள்.

திருவிழாக் கூட்டத்தன்று ஒன்பது அரை வரிக்காரிகள் ஆளுக்கு 2,000 ரூபாய் முழு வரியோடு போனார்கள். பாய்க்கு முன்னால் போட்டிருந்த மேசையில் அம்மாதான் முதலில் வைத்தாள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் நான் போயிருந்தேன். கணக்கர் பணத்தை எண்ணினார், மரியாதையாக வாங்கிக்கொண்டார், நோட்டில் எழுதினார். மைக்கில் ஒன்பது பேருக்கும் நன்றி சொன்னார்கள். ஏழை விதவையின் காணிக்கையை நினைவுபடுத்துகிறது இவர்களின் தாராள மனசு என்றுகூட ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். பாயில் நகர்ந்து இடம் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா நோட்டைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள். வரி 1,000. நன்கொடை 1,000.

“நான் நன்கொட குடுக்கலய்யா” என்றாள். “வரி குடுத்தேன். அடிச்சு எழுதுங்க.”

நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாதென்று கணக்கர் சொன்னார். அப்படியானால் நன்கொடையைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள் அம்மா. கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாயே, இது அடுக்குமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் தம்பி குனிந்து பாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆயிரம் ரூபாயை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்தாள். மற்ற எட்டுப் பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஒன்பதாயிரமும் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் ஒரு தூக்குச்சட்டியில் இருக்கிறது. யாரும் செலவழிக்கவில்லை. இந்த ஆண்டுக் கூட்டம் வருகிற ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும். தம்பி நேற்று போனில் பேசினான். இந்த முறை வரமுடியாது, கம்பெனியில் லீவு இல்லை என்றான். பிறகு சற்று நேரம் கழித்து, “என் எடத்துல அம்மாவ ஒக்காரச் சொல்லு” என்றான்.

அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலை தூக்கவில்லை.

“அவன் எடம் எனக்கெதுக்கு?” என்றாள்.